அம்மா பத்தி நினைவு மலர்ல என்ன எழுதறது? அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துப்போகல

பாலாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்க அம்மா தவறிட்டாங்க, 86 வயசு. படுக்கைல கிடக்கல, காலைல காபி குடிச்சிட்டு பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தவங்க அப்படியே சேர்ல சாஞ்சிட்டாங்க. 16-ம் நாள் காரியத்துக்கு வர்றவங்களுக்கு குடுக்க 8 பக்கத்துல சின்னதா ஒரு மலர் போடலாம்னு அண்ணன் சொன்னார், எழுதற வேலை என் தலைல விழுந்துச்சு. அச்சாபீஸ்ல ஒரு மாதிரி குடுத்தாங்க. "கணவருக்கு நிழலாய், பிள்ளைகளுக்குத் தெய்வமாய், நோயாளிகளுக்குத் தாயாய்" அப்படின்னு போகுது. பேரை மட்டும் மாத்தினா எதிர்வீட்டு அம்மாவுக்கும் போடலாம்.

எங்க அம்மா வேலூர்ல நர்சிங் படிச்சிட்டு 1960-ல கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரில சேந்தாங்க, ரிட்டையர் ஆகுற வரைக்கும் அங்கதான். அப்பா காட்பாடில ரயில்வே. கல்யாணமாகி வந்த புதுசுல எங்க பாட்டி அம்மாவுக்குன்னு தனியா ஒரு பித்தளை டம்ளர் வெச்சிருந்தாங்களாம், "பெருவியாதி ஆஸ்பத்திரில இருந்து வர்றவ, அவ வாய் வெச்சதை வேற யாரும் தொடாதீங்க"ன்னு. அப்பா யார்கிட்டயும் சண்டை போடல, மறுநாள்ல இருந்து அந்த டம்ளரை எடுத்து அதுலயே காபி குடிக்க ஆரம்பிச்சிட்டார். கொஞ்ச நாள்ல பாட்டிக்கே எது யார் டம்ளர்னு மறந்துபோச்சு.

அம்மாகிட்ட ஒரு பழக்கம், வீட்டுக்கு யார் வந்தாலும் மூஞ்சிய பாக்கறதுக்கு முன்னாடி காலைப் பாப்பாங்க. செருப்பு ஒரு பக்கமா தேஞ்சிருக்கா, வெடிப்பு இருக்கா, நடை சாயுதான்னு. பின்னாடி அப்பாவுக்கு சக்கரை வந்து கால் மரத்துப்போனப்போ தினமும் ராத்திரி ஒரு நீல பேசின்ல தண்ணி வெச்சு 20 நிமிஷம் காலை ஊறப்போடுவாங்க, துடைச்சிட்டு ஈரம் போறதுக்குள்ள தேங்காண்ணை தடவி, அப்புறம் பாதத்துல கைய வெச்சு மெதுவா ஒவ்வொரு இடமா அழுத்தாம தடவிப் பாப்பாங்க. எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல. 19 வருஷம். அப்பா போறப்போ பத்து விரலும் இருந்துச்சு, அதே தெருவுல சக்கரைக்கு காலை எடுத்தவங்க மூணு பேர்.

இப்ப பிரச்சனை என்னன்னா அண்ணன் "ஆஸ்பத்திரில செவிலியரா பணிபுரிந்தார்"னு மட்டும் போடுங்கறார். தொழுநோய்ங்கற வார்த்தையே வேணாமாம், அவர் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க படிச்சா என்ன நினைப்பாங்கன்னு. எனக்கு அதை எடுத்துட்டா அம்மாவே இல்ல. என்ன பண்ணலாம் சொல்லுங்க.

அச்சுக்கோர்ப்பு:

சார், ஆழ்ந்த இரங்கல். நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன், அந்த "நிழலாய் தெய்வமாய்" மேட்டரை நானே நூறு தடவை ஓட்டியிருக்கேன், குத்தம் சொல்லாதீங்க, துக்க வீட்ல யாருக்கும் எழுத ஓடாது, அதான் ரெடியா வெச்சிருக்கோம். ஆனா உங்க கைல டம்ளரும் பேசினும் இருக்கு, அதை அப்படியே போடுங்க. 8 பக்கம்னா அட்டை போக உள்ள நாலஞ்சு பக்கம்தான் எழுத்து வரும், பேரன் பேத்தி லிஸ்ட்டே ஒரு பக்கம் தின்னுடும். அதுல யார் பேராவது விட்டுப்போனா அடுத்த காரியம் வரைக்கும் சண்டை, அதை மட்டும் ரெண்டு பேர் உக்காந்து சரிபாருங்க.

வெள்ளைப்புடவை:

தம்பி, நான் வேற ஊர் அரசு ஆஸ்பத்திரில 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். உங்க அம்மா எனக்கு பத்து பன்னெண்டு வருஷம் சீனியர் இருப்பாங்க, கண்ணாடி சிரிஞ்சை கொதிக்க வெச்ச காலத்து ஆளுங்க. அவங்க கால்ல கைய வெச்சுப் பாத்தது எதுக்குன்னு நான் சொல்றேன். மரத்துப்போன கால்ல உள்ள புண் ஆரம்பிக்கறப்போ வலி தெரியாது, ஆனா தோல் கிழியறதுக்கு முன்னாடியே அந்த இடம் மட்டும் சுடும். மத்த இடத்தை விட ஒரு இடம் சூடா இருந்தா அந்தக் காலை ஊனக்கூடாது, ரெஸ்ட் குடுத்தா புண்ணே வராம தப்பிச்சிடலாம். தொழுநோய்க்கும் சக்கரைக்கும் இதுல வித்தியாசம் கிடையாது, ரெண்டுலயும் நரம்பு போயிடுது. உங்க அம்மா வார்டுல செஞ்ச அதே வேலையைத்தான் உங்க அப்பாவுக்கு செஞ்சிருக்காங்க. மனைவிக்கு ஒரு பக்கம் நர்ஸுக்கு ஒரு பக்கம்னு தனித்தனியா பிரிச்சு எழுதாதீங்க.

கரிகிரி 1955-ல ஆரம்பிச்சது. வேலூர்ல பால் பிராண்ட் டாக்டர்தான் முதல்ல அடிச்சு சொன்னார், இந்த நோய்ல விரல் தானா அழுகி விழறதில்ல, வலி தெரியாததால சுட்டுக்கறாங்க, வெட்டிக்கறாங்க, அந்தப் புண்ணுலதான் விரல் போகுதுன்னு. ராத்திரி தூங்கி எந்திரிச்சா விரல் குறைஞ்சிருக்குன்னு நோயாளிங்க சொல்ல, முழிச்சிருந்து பாத்தா எலி கடிச்சிட்டுப் போகுது, அவங்களுக்குத் தெரியல! அதுக்கு வைத்தியம் என்ன தெரியுமா, ஆளுக்கொரு பூனை குடுத்து அனுப்பினாங்க. படிக்கறப்போ நாங்க சிரிச்சோம், டியூட்டில போனப்புறம் சிரிப்பு வரல.

அண்ணன்கிட்ட இதையும் சொல்லுங்க. நூத்துக்கு 95 பேருக்கு உடம்புலயே எதிர்ப்பு இருக்கு, அவங்களுக்கு இந்த நோய் வரவே வராது. கூட்டு மருந்து சிகிச்சை, அதான் எம்டிடி, 1981-ல உலக சுகாதார நிறுவனம் சொன்னது, அதுக்கப்புறம் வருஷக்கணக்குல டாப்சோன்ங்கற பழைய மாத்திரையை முழுங்கின கதை போய் 6 மாசம் இல்ல ஒரு வருஷத்துல முடியுது. உங்க அம்மா ரெண்டு காலத்தையும் பாத்திருக்காங்க, அதை எழுதுங்க.

கடைசி_பையன்:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. எங்க அம்மாவும் நர்ஸ்தான், இருக்காங்க. எனக்கு சின்ன வயசு ஞாபகம்னா தீபாவளி அன்னிக்கு அம்மா நைட் டியூட்டி, பக்கத்து வீட்டு அத்தை தலைல எண்ணெய் வெச்சு விட்டது. ஸ்கூல்ல ஆண்டு விழா, அம்மா வரல. எனக்கு காய்ச்சல்னா "தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தியா எவ்ளோ"ன்னு போன்ல கேப்பாங்க. நினைவு மலர்ல எல்லாரும் "சேவை சேவை"ன்னு எழுதறாங்க, அந்த சேவைக்கு வீட்ல யார் காத்திருந்தாங்கன்னு ஒருத்தரும் எழுதறதில்ல. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தா அதையும் போடுங்க அண்ணே, இல்லாட்டி அது பொய்யா இருக்கும்.

மலைக்கோட்டையான்:

சம்பந்தி வீட்டுக்கு பயந்து அம்மா பார்த்த வேலைய மறைக்கறதா?? அண்ணனை மட்டும் சொல்லி என்ன, 2019 வரைக்கும் இந்து திருமணச் சட்டத்துலயே தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமா வெச்சிருந்தாங்க, அந்த வருஷம்தான் எடுத்தாங்க. சட்டம் மாறவே அவ்ளோ நாள் ஆச்சுன்னா சம்பந்தி மாற இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆனாலும் போடுங்க.

வேர்க்கடலை:

எங்க தாத்தா அந்தப் பக்கம் வைத்தியம் பாத்துக்கிட்டவர். கரிகிரியா வேலூரா எனக்கு சரியா தெரியாது, உங்க அம்மாவைப் பாத்திருப்பாரான்னும் தெரியாது. ரெண்டு கை விரலும் மடங்கிப்போயிருந்ததை ஆபரேஷன் பண்ணி நிமித்தி விட்டாங்க, ஊர் திரும்பி வந்து கடைசி வரைக்கும் கடலை வறுத்து வித்தார். ஆனா யாரும் அவர் கையால வாங்கித் தின்னுடக் கூடாதுன்னு முதல்ல ஊர்ல சொல்லி வெச்சிருந்தாங்க, பாட்டிதான் பொட்டலம் மடிச்சுக் குடுக்கும். தாத்தா ஆஸ்பத்திரி பத்தி பேசினா மருந்தை பத்தி பேச மாட்டார், "அந்த சிஸ்டருங்க காலைப் புடிச்சு மடில வெச்சுப்பாங்கடா"ன்னு அதை மட்டும் சொல்லுவார். ஒரே ஒரு வேண்டுகோள், எழுதறப்போ "குஷ்டரோகி"ன்னு மட்டும் போடாதீங்க.

பாலாத்தங்கரை:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொருத்தருக்கா பதில் போட முடியல, வீடு முழுக்க ஆளுங்க. வெள்ளைப்புடவை அக்கா, அந்த சூடு விஷயம் எனக்கு இத்தனை வருஷம் தெரியாது, ஏதோ பாசத்துல தடவறாங்கன்னு நினைச்சிருந்தேன். நேத்து ராத்திரி படிச்சிட்டு ரொம்ப நேரம் தூங்கல.

கடைசி_பையன் தம்பி, இருக்கு. எனக்கு பத்தாங்கிளாஸ் பரீட்சை அன்னிக்கு அம்மா டியூட்டி முடிஞ்சு வர லேட்டாயிடுச்சு, நான் சாப்பிடாம கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். அம்மா யூனிஃபார்மோட ஓடி வந்து ஒரு டிபன் பாக்ஸ் குடுத்தாங்க, நான் கூட்டத்துல வெக்கப்பட்டு வாங்காம ஏறிட்டேன். இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. மலர்லயும் எழுதுவேனான்னு தெரியல, இங்க எழுதியாச்சு.

நீங்க எல்லாரும் போட்டதை பிரிண்ட் எடுத்து அண்ணன்கிட்ட குடுத்தேன். படிச்சார், ஒண்ணும் பேசல, மாடிக்குப் போயிட்டார். சாயங்காலம் அம்மாவோட டிரங்கு பெட்டில இருந்து ஒரு கருப்பு வெள்ளை போட்டோ எடுத்துட்டு வந்து "இதைப் போடலாமா"ன்னு கேட்டார். வார்டு வராண்டா, அம்மா கீழ உக்காந்திருக்காங்க, மடில ஒரு கால். குனிஞ்சிருக்காங்க, தொப்பியும் நெத்தியும்தான் தெரியுது, மூஞ்சி தெரியல. அந்தக் காலுக்குரியவர் முழங்காலுக்கு மேல போட்டோல இல்ல. அச்சுக்கோர்ப்பு சார், மூஞ்சி தெரியாத போட்டோவை அட்டைல போட்டா உறவுக்காரங்க கேப்பாங்களா?

அச்சுக்கோர்ப்பு:

கண்டிப்பா கேப்பாங்க சார். அட்டைல பட்டுப்புடவை போட்டோவே போட்டுடுங்க, இதை உள்ள நடுப்பக்கத்துல முழுசா வெச்சுக்கலாம், கீழ கரிகிரின்னு ஊரும் உங்களுக்குத் தெரிஞ்சா வருஷமும் போதும். வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, உடைஞ்சிடும். பழைய போட்டோ ஒட்டிக்கிட்டு இருந்தா பிரிக்காம அப்படியே ஸ்கேன் பண்ணி மெயில்ல போடுங்க. புதன்கிழமைக்குள்ள வந்தா சனிக்கிழமை கைல குடுத்துடுவாங்க.