பெரிம்பாவில் இரண்டு சுரம் பிரியவில்லை: கம்பியா, குடுக்கையா?

மண்டபம்_குழு:
கபோய்ரா (ஆட்டமும் சண்டைக்கலையும் கலந்த பிரேசில் கலை) பழகும் எங்கள் குழுவுக்கு நாங்களே ஒரு பெரிம்பாவ், அதாவது அதற்கு வாசிக்கும் ஒற்றைக்கம்பி வில் வாத்தியம், கட்டியிருக்கிறோம். ஐந்தடி மூங்கில், அடியிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் சுரைக்குடுக்கை, கொத்தனார் கட்டுக்கம்பி, ஒரு ரூபாய் நாணயம். தட்டினால் 'டப்' என்று அடங்கிவிடுகிறது. நாணயத்தை வைத்து அழுத்தினாலும் சுரம் மாறவில்லை. எதை மாற்றுவது? கஷிஷிக்குள் (தட்டும் கையில் சேர்த்துப் பிடிக்கும் கிலுகிலுப்பைக் கூடை) குன்றிமணி போடலாமா? முதலில் எந்தத் தாளம் பழகுவது?

பனங்காடு:
முதல் கோளாறு கட்டுக்கம்பி. அது மெத்தென்ற இரும்பு. இழுத்தால் நீளுமே தவிர விறைக்காது. பிரேசிலில் பழைய கார் டயரின் விளிம்புக்குள் இருக்கும் எஃகுக் கம்பியைத்தான் உருவி எடுப்பார்கள். பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட டயர் கிடைக்கும். விளிம்பைக் கத்தியால் கீறிப் பொறுமையாகப் பிரியுங்கள். டயரைக் கொளுத்தி எடுக்கவே கூடாது: சூட்டில் எஃகின் முறுக்கு போய், மறுபடி கட்டுக்கம்பி மாதிரியே ஆகிவிடும். ரப்பர் பிசிறு ஒட்டியிருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள்.

இரண்டாவது, குடுக்கை மேலே ஏறிவிட்டது. அடியிலிருந்து ஒரு சாண் போதும். கயிறு கம்பையும் கம்பியையும் சேர்த்து இறுக்க வேண்டும், தளர்ந்தால் கொரகொரக்கும். நாணயம் படும் இடம் கயிற்றுக்கு இரண்டு விரற்கடை மேலே. ஒரு ரூபாய் இலேசு, கனமான பித்தளை வாஷர் நல்லது. குடுக்கையின் வாயைச் சிறிதாகவே அறுத்து, கேட்டுக் கேட்டுப் பெரிதாக்குங்கள். அதிகம் அறுத்துவிட்டால் திருத்த முடியாது.

குன்றிமணி வேண்டாம். உடைந்த விதையைக் குழந்தைகள் மென்றால் உயிருக்கே ஆபத்து. கல்வாழை விதை போடுங்கள், கால் பாகத்துக்கு மேல் வேண்டாம். கூடையைப் பனை ஓலையில் முடையலாம். சாயல்குடிப் பக்கம் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அடிப்பாகம் மட்டும் கெட்டியாக இருக்கணும். அங்கே குடுக்கைத் துண்டு வைப்பார்கள், நமக்குச் சிரட்டை.

தாளக்கட்டு:
முதலில் 'அங்கோலா' என்ற தாளம். நான்கு தட்டு. முதல் தட்டில் 'ச்சி ச்சி' (நாணயம் கம்பியைத் தொட்டும் தொடாமலும்), இரண்டாவதில் 'டொம்' (திறந்த கம்பி), மூன்றாவதில் 'டிம்' (நாணயத்தை அழுத்தி), நான்காவதில் கம்பியைத் தொடாமல் கஷிஷி மட்டும். பலர் அந்த நான்காவது தட்டை விழுங்கிவிடுவார்கள். ஆட்டத்தின் நடையே அங்கேதான் இருக்கிறது. 'டிம்', 'டொம்' இரண்டையும் இடம் மாற்றினால் 'சாவ் பென்டு பெக்கேனு' தாளம். அதன் நான்காவதில் இன்னொரு 'டொம்' சேர்த்தால் 'சாவ் பென்டு கிராண்டி'.

சுண்டுவிரல் கயிற்றுக்கு அடியில்தான் முழுப் பாரத்தையும் தாங்கும். முதல் வாரம் வலிக்கும். ஐந்து நிமிடம் வாசித்து இறக்கி வையுங்கள்.

நம் வில்லுப்பாட்டு வில்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் குடம் தனி வாத்தியம். இதில் குடுக்கை வயிற்றில் ஒட்டியும் விலகியும் ஓசையைத் திறந்து மூடுகிறது.

மண்டபம்_குழு:
டயர் கம்பி போட்டாச்சு, இரண்டு சுரமும் பிரிகிறது. நன்றி அண்ணே. ஆனால் மேல் நுனியில் கம்பி மூங்கிலை அறுக்கிறது.

பனங்காடு:
நுனியில் தடித்த தோல் துண்டை ஆணியடித்து, அதன் மேல் கம்பியை ஓட்டுங்கள். நாண் ஏற்றும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த கம்பி கண்ணைத்தான் தேடி வரும். வாசித்து முடித்ததும் நாணை இறக்கியே ஆகணும், இல்லையென்றால் கம்பு வளைந்தபடியே நின்று விறைப்பு போய்விடும். நம் கரையின் உப்புக்காற்றுக்குக் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்து, துளி எண்ணெய் தடவி வையுங்கள். வாசிக்கும் முன் அதையும் துடைத்துவிடணும்.

தாளக்கட்டு:
அடுத்து பாட்டு. மீனவர்களின் அம்பாப் பாட்டு மாதிரி ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான். ஆனால் தொடக்கத்தில் வரும் 'லதாயின்யா' ஒருவரே பாடுவது. அதுவரை ஆடுபவர்கள் பெரிம்பாவின் அடியில் குந்தியிருப்பார்கள். பின்பாட்டு அடுத்த பகுதியான 'ஷூலா'வில்தான் தொடங்கும். அதற்கும் அடுத்த பகுதியான 'கொஹீடு' வந்த பிறகே ஆட்டம். மூன்று பெரிம்பாவ் இருந்தால் பெரிய குடுக்கை கட்டிய 'குங்கா' சொல்வதே முடிவு: அது வேகம் மாற்றினால் எல்லோரும் மாறணும்.