பத்து ரூபாய் கொடுத்த அம்மாவை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருவொற்றியூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் என் தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். இரவெல்லாம் வார்டு வராந்தாவில் விழித்திருந்துவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து குளித்து, கஞ்சித் தூக்கோடு வள்ளலார் நகர் செல்லும் பேருந்தில் ஏறினேன். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. சட்டைப்பையில் இருந்தது ஒரே ஒரு 500 ரூபாய்த் தாள். சில்லறை இல்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளுமாறு நடத்துநர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

படிக்கட்டை ஒட்டிய இருக்கையில், மீன் விற்றுத் தீர்ந்த காலிக் கூடையோடு ஓர் அம்மா அமர்ந்திருந்தார். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நான்காக மடித்திருந்த, சற்று ஈரமான பத்து ரூபாய்த் தாளை எடுத்து நடத்துநரிடம் நீட்டினார். "புள்ள கஞ்சித் தூக்கோட நிக்குது, எறக்கி வுட்டா எங்கய்யா போவும்?" என்றார். பிறகு என் தூக்கையும் வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தமக்கென ஒரு ரூபாயும் செலவழிக்கத் தேவையில்லாத பயணத்தில் அவர் எனக்காகச் சுருக்குப்பையைத் திறந்தார்.

தண்டையார்பேட்டையில் அவர் இறங்கிய வேகத்தில் பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. அன்று மருத்துவர் சொன்ன செய்தி நல்லதாக இல்லை. ஆனாலும் அப்பாவுக்குக் கஞ்சி புகட்டும்போது என் கை நடுங்கவில்லை. அந்த நிறுத்தத்தில் நான்கு நாட்கள் காத்திருந்து பார்த்துவிட்டேன். இப்படிப்பட்ட கடனை எப்படித் தீர்ப்பது?

ராயபுரத்துப் பெரியவர்:

தம்பி, கடன் என்ற சொல் இங்கே பொருந்தாது என்றே நினைக்கிறேன். நாற்பது ஆண்டுகளாக நம் பேருந்துகளில் போய்வருகிறேன். நெரிசலில் நடத்துநர் இருக்கையைவிட்டு எழ முடியாதபோது, பின்னால் நிற்பவர் தாம் இறங்கும் நிறுத்தத்தின் பெயரைச் சேர்த்து "ஒரு மகாராணி" என்று சொல்லி நீட்டும் பணம் ஏழெட்டுக் கைகள் மாறி முன்னால் போகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. எனக்கு ஒருமுறைகூடச் சில்லறை குறைந்ததில்லை. நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் தாமே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். அந்தக் கைகளில் எதற்கு நீங்கள் நன்றி சொல்வீர்கள்? 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுபோய், முன்பின் அறியாதவர்களை வீட்டு மாடிகளிலிருந்து இறக்கிக் கரைசேர்த்தார்கள். அவர்களும் பெயர் சொல்லிவிட்டு வரவில்லை.

கொருக்குப்பேட்டை வாசகி:

பெரியவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நன்றி சொல்லாமலே விட்டுவிடுவதில் ஒரு குறை இருக்கிறது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2022-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிகாகோவில் பனிச்சறுக்குத் திடல் ஒன்றுக்கு வந்தவர்களிடம் சூடான சாக்லேட் பானத்தைத் தந்து, விரும்பினால் அதை அங்குள்ள முகமறியாத ஒருவருக்குக் கொடுக்கலாம் என்றார்கள். வாங்கியவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று கொடுத்தவர்கள் கணித்த அளவைவிட, வாங்கியவர்கள் உண்மையில் அடைந்த மகிழ்ச்சி அதிகமாக இருந்தது. கொடுப்பவர் கண்ணில் படுவது பொருளின் மதிப்பு. வாங்குபவருக்கோ, தன்னை ஒருவர் நினைத்துப் பார்த்தார் என்பதே பெரிதாக இருக்கிறது. அந்த அம்மாவைக் கேட்டால் பத்து ரூபாய்தானே என்பார். கை நடுங்கவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த வரி அவருக்குத் தெரியவே தெரியாது, அதுதான் எனக்கு வருத்தம். நாமும் ஓர் உதவியைச் செய்ய நினைத்து, "இதெல்லாம் ஒரு உதவியா" என்று கூச்சப்பட்டு எத்தனை முறை பேசாமல் இருந்திருக்கிறோம்!

காசிமேட்டு மகன்:

என் தாயாரும் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத் தெருவாகச் சுமந்து விற்றவர்தான். கூடையோடு பேருந்தில் ஏறும்போது மூக்கைப் பொத்திக்கொள்பவர்களையும், முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்காருபவர்களையும் நாள்தோறும் பார்த்தவர். ஒருமுறை கல்லூரி மாணவி ஒருவர், படியில் இறங்கும்போது கூடையின் மறுபக்கத்தைப் பிடித்து இறக்கிக் கொடுத்து, "பார்த்துப் போங்க ஆயா" என்றாராம். அன்றிரவு சோறு பரிமாறிக்கொண்டே அதை எங்களிடம் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது குழம்பு ஊற்ற மறந்துவிட்டார்.

ஆகவே ஐயா, அந்த அம்மாவைத் தேடிப் பிடித்துப் பணம் கொடுக்காதீர்கள், மனம் புண்படுவார். அவரைப் போன்ற யாரிடமாவது பேரம் பேசாமல் மீன் வாங்குங்கள். கூடை தூக்க ஆள் இல்லாமல் நிற்பவரைப் பார்த்தால் ஒரு கை கொடுங்கள்.

திருவொற்றியூர்வாசி:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குப் போனேன். அவ்வளவு கூட்டத்திலும் என் கண்கள் அந்த முகத்தைத்தான் தேடின, காணவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த வேறொரு வயதான அம்மாவிடம் சங்கரா மீனைக் கையில் எடுத்து, சொன்ன விலைக்கே கொடுக்கச் சொன்னேன். பேரம் பேசாததாலோ என்னவோ, அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, வீட்டில் யாருக்கு என்று கேட்டார். அப்பா மருத்துவமனையிலிருந்து வந்திருப்பதைச் சொன்னேன். "ஒடம்புக்கு முடியாதவருக்கு முள்ளு மீனா வாங்குவ?" என்று கடிந்துகொண்டு, என் கையிலிருந்ததை வாங்கி வைத்துவிட்டு, சுறாத் துண்டு ஒன்றைத் தேர்ந்து பையில் போட்டார். காசை வாங்கிச் சுருக்குப்பையில் முடிந்த பிறகு, ஒரு கை நெத்திலியை அள்ளி, அதைத் தனியாகக் காகிதத்தில் சுற்றி, "இது உனுக்கு" என்று என்னிடம் நீட்டினார்.