பொருள்: செயின்சா மில்லுக்கு 'ஆலை' பொருந்தாது

அன்புள்ள குழுவினருக்கு,

விழுந்த மரத்தைச் செயின்சாவால் பலகையாக அறுக்க உதவும் செயின்சா மில் என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'சங்கிலி ரம்ப ஆலை' என்று இருக்கிறது. அதை நீக்கக் கேட்கிறேன். ஆலை என்றால் மரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம். இங்கே மரம் விழுந்த இடத்துக்கே கருவி போகிறது. கருவி என்பதும் செயின்சாவின் பாரை, அதாவது சங்கிலி சுற்றியோடும் நீண்ட தகட்டை, கவ்விப் பிடிக்கும் ஓர் உலோகச் சட்டகம்தான். அமெரிக்காவின் கிரான்பெர்க் நிறுவனத்து 'அலாஸ்கன் மில்' இதில் பெயர்பெற்றது. சட்டகம் மரத்தின் மேல் சறுக்கிப் போகும். அதன் அடிப்பக்கத்துக்கும் பாருக்கும் உள்ள இடைவெளியே பலகையின் கனம். 'பலகையறுப்புச் சட்டகம்' என்று வைக்கலாம்.

பாரைப் 'பட்டை' என்று எழுதியிருப்பதும் ஆபத்து. மண் ஒட்டிய மரப்பட்டையைச் சீவாமல் அறுத்தால் சங்கிலி சீக்கிரம் மழுங்கிவிடும் என்பதால், 'பட்டையை எடுத்துவிட்டு அறுக்கவும்' என்று கையேட்டில் எழுதியே ஆக வேண்டும். படிப்பவர் எந்தப் பட்டையை எடுப்பார்? பார் என்றே இருக்கட்டும்.

மறுமொழி:

சட்டகம் சரி. ஆனால் கருவிக்கும் தொழிலுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். கானாவில் சட்டகமே இல்லாமல், கோடு போட்டுக் கையால் பிடித்தே பலகை அறுப்பது பரவலான தொழில். 1998இல் விற்பனைக்காக அப்படி அறுப்பதற்கு அங்கே தடை வந்தது. அந்தச் செய்தியை மொழிபெயர்க்கச் சட்டகம் உதவாது. தொழிலுக்குச் 'செயின்சாப் பலகையறுப்பு'.

மறுமொழி:

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மரத்தை அரிவோம். அரியும் கருவி வாள், மரம் விற்கும் இடம் மரக்காலை. 'அரிவு' என்ற வடிவத்தையும் பக்கத்திலே போடுங்கோ ஐயா.

மறுமொழி:

கட்டாயம் சேர்ப்போம். அடுத்து, பலகை அறுக்கும் சங்கிலிக்கு (ripping chain) பட்டியலில் உள்ள 'கிழிசங்கிலி'. இது எதையும் கிழிப்பதில்லை. குறுக்கே வெட்டும் சங்கிலியில் பல்லின் மேல்தகட்டுக் கோணம் பெரும்பாலும் 30 பாகை. இதில் 10 பாகை அளவில் அரம் போடுவார்கள். கோணம் குறைந்தால் பல் பக்கவாட்டில் இழுக்காது, பலகையின் முகம் வழவழப்பாக வரும். வேலையும் கடினம்: பார் மரத்துக்குக் குறுக்கே கிடந்து நீளவாக்கில் நகர, சங்கிலி நாரின் முனைகளையே அறுத்து முன்னேறுவதால் எஞ்சின் முழு வேகத்திலேயே நெடுநேரம் ஓடும், சிறிய எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். 'நெட்டறுப்புச் சங்கிலி' என்பதே பொருத்தம். தச்சர்களுக்கும் நெட்டு, குறுக்கு என்றால் உடனே புரியும்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பாரை மரத்தின் நீளத்துக்கு இணையாக வைத்து அறுத்தாலும் நெட்டறுப்புதான். அப்போது தூளுக்குப் பதில் நீள நீளமான சுருள்கள் வந்து கிளட்ச் மூடியை அடைக்கும். அதற்குச் 'சுருளறுப்பு' என்று தனிப்பதிவு கொடுத்துவிடலாம்.

முதல் அறுப்புக்கு உருண்டை மரத்தில் சமதளம் கிடையாது. நேரான ஏணியையோ சட்டத்தையோ மேலே திருகி அதன்மேல் சட்டகத்தை ஓட்டுவார்கள். இதற்கு 'வழிச்சட்டம்' என்கிறேன். வழிச்சட்டம் வளைந்திருந்தால் அந்த வளைவு முதல் முகத்திலும், அதைப் பின்பற்றி அடுத்தடுத்த பலகைகளிலும் இறங்கும்.

மறுமொழி:

வழிச்சட்டம், சுருளறுப்பு இரண்டும் நன்று. ரம்பம் போன தடத்துக்குப் பட்டியலில் உள்ள 'தூள்கழிவு' எனக்கு உடன்பாடில்லை. கணக்கு முக்கியம்தான்: தடம் 8 மி.மீ., பலகை 25 மி.மீ. என்றால் ஏறத்தாழக் கால்பங்கு மரம் தூளாகிறது. பட்டை ரம்பத்தில் (பேண்ட்சா) தடம் 2 மி.மீ. அளவே. ஆனால் அறுக்கும்போது மேல் பலகை அமிழ்ந்து பாரை நெருக்காமல் இருக்க அந்தத் தடத்தில்தான் ஆப்பு செருகுகிறோம். கழிவில் ஆப்பு செருக முடியுமா? புண்ணுக்கு வாய் உண்டு, கிணற்றுக்கு வாய் உண்டு. 'அறுப்பு வாய்' என்று வையுங்கள். 'அறுப்பு வாய் 8 மி.மீ.', 'அறுப்பு வாயில் ஆப்பு செருகு' என்று இரண்டு இடத்திலும் நிற்கும்.