பயோமெடிக்கல் எஞ்சினியரிங்கா, டெக்னாலஜியா? கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். நான் மலேசியா, பினாங்கு பட்டர்வொர்த், இப்பதான் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவப் பரீட்சை) முடிச்சேன், யூபியுல (அரசாங்க யுனிவர்சிட்டி விண்ணப்பம்) இந்த ரெண்டுல எத முதல்ல போடறதுன்னு ரெண்டு வாரமா ஒரே குழப்பம்.

அப்பாவுக்கு வாரம் 3 தடவ டயாலிசிஸ், நான்தான் கூட போவேன். போன மாசம் பாதியிலேயே மெஷின் அலாரம் அடிச்சு நின்னுடுச்சு, அப்பாவ பக்கத்து மெஷினுக்கு மாத்திட்டாங்க, அப்புறம் ஒரு டெக்னிசியன் அண்ணன் வந்து பின்மூடிய கழட்டி மீட்டர வச்சு ஒவ்வொரு வயரா தொட்டு தொட்டு பாத்தாரு, நான் கண்ண எடுக்கவே இல்ல. இந்த வேலதான் வேணும்னு அப்பவே தோணிடுச்சு.

விசாரிச்சா, எஞ்சினியரிங்ல கணக்கு, டிசைன் ஜாஸ்தி, முடிச்சா பிஇஎம்ல (மலேசிய எஞ்சினியர் வாரியம்) பதியலாம். டெக்னாலஜின்னா கைவேல, சர்வீஸ், காலிபிரேஷன் (கருவி சரியா அளக்குதான்னு பாத்து சரிபண்றது), அதுக்கு எம்போட்ல (டெக்னாலஜிஸ்ட் வாரியம்) பதியலாம்னு சொல்றாங்க. மாமா எஞ்சினியர்னாதான் மதிப்புங்கறாரு, எனக்கு அது சரியா படல.

ஆஸ்பத்திரியிலயோ பினாங்கு பாயான் லெப்பாஸ் மருத்துவக் கருவி ஃபேக்டரியிலயோ வேல செய்றவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒரு நாள்ல உண்மையில என்ன செய்வீங்க, சம்பளம் ரொம்ப வித்தியாசப்படுமா, டெக்னாலஜி படிச்சிட்டு பின்னாடி டிசைன் பக்கம் போக முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, தனியா பிஎம் பண்ணாலும் சரி.