பிளே பண்ணா ஆடியோ விக்குது, டிக் டிக்குனு வருது. கூத்து ரெக்கார்டிங் ஃபைலே போயிடுச்சா?

பென்னாகரம்_முகவீணை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமம். எங்க பெரியப்பா கூத்து வாத்தியார், வயசு 74 ஆகுது. பங்குனியில எங்க ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவுல கடைசி ராத்திரி அவர் பாடினத லேப்டாப்ல நாலு மைக் போட்டு முழுசா ரெக்கார்ட் பண்ணேன். அவருக்கு ஒண்ணு, முகவீணைக்கு ஒண்ணு, ஆர்மோனியத்துக்கு ஒண்ணு, மிருதங்கத்துக்கு ஒண்ணு. இனிமே விடிய விடிய நிக்க முடியாதுடா, மூச்சு வாங்குதுன்னு அவரே சொல்லிட்டாரு, அதனால இத திரும்ப எடுக்க வழியே இல்ல.

இப்ப மிக்ஸ் பண்ணலாம்னு உக்காந்தா பிளே ஆகறப்ப சத்தம் விக்குது. பத்து பதினஞ்சு செகண்டுக்கு ஒருக்கா டிக்குனு ஒரு சத்தம், சில இடத்துல பாட்டே நின்னு நின்னு வருது, கேக்கறப்ப நெஞ்சே பதறுது. லேப்டாப் ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10, சாஃப்ட்வேர் ரீப்பர், 48000 ஹெர்ட்ஸ் 24 பிட், பஃபர் 128. ஃபைல் எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, அதுவும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்க லேப்டாப்போட சேக்கற பெட்டி) ஒரே யூஎஸ்பி ஹப்ல குத்தியிருக்கேன். சிபியூ 20 சதவீதம் கூட தாண்டல, அதுதான் புரியல. டவுன்ல ஒரு கடையில காட்டினா ஃபார்மட் பண்ணணும் இல்லன்னா ரேம் ஏத்தணும்னாங்க, மனசு கேக்கல, திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். யாராச்சும் வழி சொல்லுங்க.

காவேரிப்பட்டணம்_சவுண்டு:
தம்பி முதல்ல அந்த பஃபர மாத்து. 128ங்கறது நேரடியா பாடிக்கிட்டே ஹெட்போன்ல கேக்கறப்ப வைக்கிறது. மிக்ஸ் பண்றப்ப எதுக்கு அது? 1024 வை.

கல்யாணப் பந்தியில சாம்பார் வாளிய நினைச்சுக்கோ, பஃபர்ங்கறது அந்த வாளி. சின்ன வாளின்னா பரிமாறுறவன் அடுப்படிக்கும் பந்திக்கும் ஓடிக்கிட்டே இருக்கணும், ஒரு ஓட்டம் தாமதமானாலும் இலை காலியாயிடும், அந்த காலி இலைதான் உனக்கு டிக்குனு கேக்குது. ஒரு செகண்டு சத்தத்த 48000 துண்டா அளக்கறோம், ஒரு துண்டுதான் ஒரு சாம்பிள். 48000ல 128 சாம்பிள்னா கம்ப்யூட்டருக்கு கிடைக்கிற நேரம் 2.7 மில்லிசெகண்ட் தான், 1024 வச்சா 21 மில்லிசெகண்ட் கிடைக்கும். நான் பத்து வருஷமா கோயில் விசேஷத்துக்கு சவுண்டு பண்றேன், பாதி கேஸு இதுலயே சரியாயிடும். கூடவே இன்டர்ஃபேஸ் கம்பெனியோட சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர்தான் (ஆடியோ தாமதமில்லாம போக வர வைக்கிற சாஃப்ட்வேர்) ரீப்பர்ல செலக்ட் ஆகியிருக்கான்னு பாரு. சில பேர் தெரியாம விண்டோஸோட டிரைவர்ல ஓட்டிக்கிட்டு இருப்பாங்க.

பென்னாகரம்_முகவீணை:
அண்ணா ரொம்ப நன்றி. டிரைவர் சரியாதான் இருந்துச்சு, பஃபர் 1024 வச்சேன், நின்னு நின்னு வர்றது நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா அந்த டிக் மட்டும் அப்படியேதான் இருக்கு. 2048 கூட வச்சுப் பாத்துட்டேன். அப்ப அது ஃபைல்லயே விழுந்துடுச்சோன்னு பயமா இருக்கு அண்ணா.

தர்மபுரி_ரசிகன்:
8 ஜிபி பத்தாது ப்ரோ, 16 போடுங்க எல்லாம் பறக்கும்.

ஓசூர்_நைட்ஷிப்ட்:
ரேம் கதைய விடுங்க. டாஸ்க் மேனேஜர தொறந்து மெமரி எவ்வளவு போகுதுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும், நாலு டிராக் ஆடியோவுக்கும் நாலு பிளகினுக்கும் (சத்தத்த மெருகேத்தற குட்டி சாஃப்ட்வேர்) 8 ஜிபி தாராளம்.

தம்பி, நீ கேட்டதுலயே முக்கியமான கேள்வி ஃபைல் போயிடுச்சாங்கறதுதான், அதுக்கு முதல்ல பதில் தெரியணும், மத்தது எல்லாம் அப்புறம். அதுக்கும் முன்னாடி ஒரு வேலை, அந்த ஹார்ட் டிஸ்க்ல இருக்கறத இன்னும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வை. காப்பி இல்லாம யார் கையிலயும் லேப்டாப்ப குடுக்காத, ஃபார்மட்டுங்கற பேச்சே வேண்டாம்.

இப்ப டிக் கேக்கற ஒரு இடத்த நேரத்தோட குறிச்சு வச்சுக்கிட்டு அதே இடத்த மூணு தடவ பிளே பண்ணு. டிக் இடம் மாறிக்கிட்டே இருந்தா ஃபைல் நல்லா இருக்கு, பிளே பண்றதுலதான் கோளாறு. மூணு தடவையும் அதே சொல்லுல அதே எழுத்துல விழுந்தா ரெக்கார்ட் ஆகறப்பவே விழுந்திருக்கு. அடுத்து மொத்தத்தையும் ரெண்டர் பண்ணி, அதாவது ஒரே வேவ் ஃபைலா எழுத வச்சு, ஃபோன்ல போட்டு கேளு. ரெண்டர் பண்றப்ப யாரும் பந்தியில காத்துக்கிட்டு உக்காந்திருக்கல, கம்ப்யூட்டர் அதோட வேகத்துல கணக்கு போட்டு எழுதும், லேட்டானாலும் சத்தத்துல தெரியாது. அதனால ரெண்டர்ல டிக் இல்லன்னா ஒரிஜினல் பத்திரமா இருக்குன்னு அர்த்தம்.

சிபியூ 20 சதவீதம் காட்டறத நம்பாத, அது சராசரி. காவேரிப்பட்டணம் அண்ணன் சொன்ன பந்தியிலயே சொல்றேன், அடுப்படியில சாம்பார் நிறைய இருக்கு, வாளியும் பெருசாயிடுச்சு, ஆனா பரிமாற வர்றவன வழியில ஒருத்தர் கையப் புடிச்சு நிறுத்தி ஊர்க்கதை பேசறாரு. விண்டோஸ்ல அந்த வேலைய சில டிரைவருங்க பண்ணும், டிபிசி லேட்டன்சின்னு சொல்லுவாங்க. லேட்டன்சிமான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அத பத்து நிமிஷம் ஓட விட்டுக்கிட்டே பாட்ட பிளே பண்ணு, எந்த டிரைவர் புடிச்சு நிறுத்துதுன்னு பேரோட காட்டும்.

பென்னாகரம்_முகவீணை:
அண்ணா கும்பிடறேன். தர்மபுரி போய் இன்னொரு டிஸ்க் வாங்கிட்டு வந்து காப்பி எடுத்துட்டேன், ஒரு காப்பி தங்கச்சி வீட்ல இருக்கு.

மூணு தடவ பிளே பண்ணேன், டிக் இடம் மாறுது! ரெண்டர் பண்ணி ராத்திரி முழுக்க ஹெட்போன் போட்டு கேட்டேன், மொத்தத்துல ரெண்டே ரெண்டு இடத்துலதான் டக்குனு ஒண்ணு கேக்குது, மத்தபடி சுத்தமா இருக்கு. அந்த ரெண்டும் எத்தன தடவ போட்டாலும் அதே இடத்துலதான். லேட்டன்சிமான்ல சிவப்பா என்டிஐஎஸ்.சிஸ்னு வந்துச்சு. அது என்னண்ணா?

ஓசூர்_நைட்ஷிப்ட்:
அது நெட்வொர்க் சம்பந்தப்பட்டது, உன் விஷயத்துல பெரும்பாலும் வைஃபை. மிக்ஸ் பண்ண உக்காரும்போது வைஃபைய ஆஃப் பண்ணு, ஏர்பிளேன் மோட் போட்டா ப்ளூடூத்தும் சேந்து அடங்கும். அதுலயும் போகலன்னா டிவைஸ் மேனேஜர்ல போய் வைஃபை அடாப்டரயே டிசேபிள் பண்ணு. பவர் ஆப்ஷன்ல ஹை பெர்ஃபார்மன்ஸ் வை, யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்னு ஒண்ணு இருக்கும் அதையும் நிறுத்து, சார்ஜர் போட்டே வேலை பாரு.

ஊத்தங்கரை_வாய்ஸ்:
தம்பி நான் பாடப்புத்தகத்த ஆடியோவா பேசி எடிட் பண்றவ, எனக்கும் இதே மாதிரி வந்திருக்கு. வைஃபை விஷயம் சரிதான், அதோட அந்த ஹப்பையும் கழட்டு. யூஎஸ்பி 2.0 போர்ட் குடுக்கறதே 500 மில்லிஆம்ப், அதுல ஹார்ட் டிஸ்க்கும் இன்டர்ஃபேஸும் பங்கு போட்டா டிஸ்க் சுத்த ஆரம்பிக்கறப்ப இன்டர்ஃபேஸுக்கு பத்தாம போகும். இன்டர்ஃபேஸ நேரா லேப்டாப்ல குத்து, மவுஸ வேணா ஹப்ல போட்டுக்கோ.

டிஸ்க் வேகம் பத்தலன்னு யாராச்சும் சொன்னா நம்பாத. 24 பிட் 48000ல ஒரு மோனோ டிராக்குக்கு செகண்டுக்கு 1,44,000 பைட், நாலு டிராக்கும் சேத்தா 0.6 எம்பி கூட இல்ல, பழைய டிஸ்க்கே அசால்ட்டா குடுக்கும். சிக்கல் என்னன்னா டிஸ்க் தூங்கிட்டு எழுந்திரிக்கிற நேரம்தான், பாட்டு நின்னு நின்னு வந்தது அதனாலயும் இருக்கலாம். அதனால புராஜெக்ட மட்டும் லேப்டாப்ல இருக்கற டிரைவுக்கு காப்பி பண்ணி அங்கிருந்து வேலை பாரு.

அந்த ரெண்டு டக் எனக்கு மனசுல உறுத்துது. நாலு டிராக்கையும் தனித்தனியா பெருசு பண்ணி பாரு. நாலும் ஒரே இன்டர்ஃபேஸ் வழியா வந்தது, அதனால கம்ப்யூட்டர் சாம்பிள தவற விட்டிருந்தா நாலு டிராக்லயும் அச்சு அசலா ஒரே புள்ளியில வெட்டு தெரியும், கோடு சட்டுனு எகிறி நிக்கும். அப்படி இருந்தா நாலையும் அதே இடத்துல சேத்து வெட்டி 5 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் குடு, அதாவது முன் துண்டு மெல்ல அடங்க பின் துண்டு மெல்ல ஏறும், காதுக்கு தெரியாது. ஒத்த டிராக்ல மட்டும் ரொம்ப சின்ன கிளிக்கா இருந்தா ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ரிப்பேர்னு ஒண்ணு இருக்கு, 128 சாம்பிள் வரைக்கும் அக்கம்பக்கத்த பாத்து நிரப்பிக் குடுக்கும்.

காவேரிப்பட்டணம்_சவுண்டு:
இன்னொண்ணு தம்பி. அடுத்த தடவ கூத்து எடுக்கறப்பவும் பஃபர் 1024லயே வை. அங்க யாரும் சாஃப்ட்வேர் வழியா தன் குரல கேட்டுக்கிட்டு பாடப் போறதில்ல, அப்புறம் எதுக்கு 128? வைஃபைய கிளம்பும்போதே அணைச்சிடு. ஒரே ஃபைலா எட்டு மணி நேரம் ஓட விடாத, சாதாரண வேவ் ஃபைல் 4 ஜிபி வரைக்கும்தான், நீ எடுத்த கணக்குல ஒரு மோனோ டிராக்கே எட்டு மணி நேரத்துல அத நெருங்கிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்தி புதுசா ஆரம்பி, வேஷம் கட்டற இடைவெளி எப்படியும் கிடைக்கும்.

பென்னாகரம்_முகவீணை:
சரியாயிடுச்சு! வைஃபை ஆஃப், ஹப்ப கழட்டியாச்சு, புராஜெக்ட் லேப்டாப்புக்கே மாத்தியாச்சு. நேத்து மூணு மணி நேரம் விடாம பிளே பண்ணேன், ஒரு டிக் இல்ல. பஃபர 512க்கு இறக்கிப் பாத்தேன், அப்பவும் வரல. லேட்டன்சிமான் பச்சையா இருக்கு.

அக்கா சொன்ன மாதிரி அந்த ரெண்டு இடத்தையும் பெருசு பண்ணி பாத்தேன். முதல் இடத்துல நாலு டிராக்லயும் ஒரே புள்ளியில வெட்டு இருந்துச்சு, 128 பஃபர்ல எடுத்ததால விழுந்ததுதான் போல. கிராஸ்ஃபேட் குடுத்தேன், இப்ப எனக்கே அந்த இடத்த கண்டுபுடிக்க முடியல. ரெண்டாவது டக் பெரியப்பா மைக்ல மட்டும்தான் இருந்துச்சு, மத்த மூணுலயும் வெட்டே இல்ல, அதனால அது கம்ப்யூட்டர் கோளாறு இல்லன்னு புரிஞ்சுது. ரிப்பேர்ல எடுத்துடலாம்னு நினைச்சேன், அதுக்கு முன்னாடி பெரியப்பாவுக்கே போட்டுக் காட்டினேன். கேட்ட உடனே சொல்லிட்டாரு, கட்டியக்காரன் சுத்தி வர்றப்ப மைக் கம்பில காலு பட்டுச்சுடா, அவன் ஆடினதுதான் அது, இருக்கட்டும் விடுன்னாரு. அத அப்படியே விட்டுட்டேன்.