'சைட்கார்' கோப்புக்குத் தமிழ்ச்சொல்: துணைக்கோப்பா, உடன்கோப்பா?

பொருள்: 'சைட்கார்' கோப்பு – சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியில் ஒளிப்படங்களை அடுக்கி வைக்கவும் திருத்தவும் பயன்படும் மென்பொருளைத் தமிழாக்கி வருகிறோம். ஆல்பம், குறிச்சொல், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்துவிட்டன. 'சைட்கார் ஃபைல்' மட்டும் பாக்கி. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டும் பெட்டி இருக்கையிலிருந்து வந்த பெயர் அது. படக்கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே, ஏறத்தாழ அதே பெயரில் இருக்கும் சின்னக் கோப்பு. படத்தைப் பற்றிய விவரங்களும் நாம் செய்த திருத்தங்களும் அதில்தான் எழுதப்படுகின்றன.

இதுவரை பேச்சில் வந்த சொற்கள் பக்கக்கோப்பு, இணைக்கோப்பு, துணைக்கோப்பு. கடைசிச் சொல் யாருக்கும் சட்டென்று புரியும் என்பதால் அதையே வைக்கலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் மொழிபெயர்ப்பைச் சமர்ப்பிக்கும் முன் எழுதுங்கள்.

* * *

மறு: 'சைட்கார்' கோப்பு – சொல் தேவை

> கடைசிச் சொல் யாருக்கும் சட்டென்று புரியும்

ஐயா, எனக்குத் துணைக்கோப்பில் உடன்பாடு இல்லை. பயனர் இந்தச் சொல்லை எந்த நேரத்தில் படிக்கிறார் என்று பார்க்க வேண்டும். படத்தை வேறு கோப்புறைக்கு நகர்த்தும்போது, பெயர் மாற்றும்போது, அழிக்கும்போது, காப்புப் பிரதி எடுக்கும்போது. நான்குமே வேலை கெட்டுப்போகக்கூடிய நேரங்கள். அப்போது திரையில் வரும் சொல் அந்தக் கோப்பை என்ன செய்ய வேண்டும் என்பதையும் உணர்த்தினால்தான் பயன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கேமரா பதிந்த தரவைப் பதப்படுத்தாமல் அப்படியே தரும் ரா கோப்பில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 12 அல்லது 14 பிட் தரவு இருக்கும். அதாவது 4,096 அல்லது 16,384 ஒளிநிலைகள். ஜேபெக்கில் 8 பிட், 256 நிலைகள்தாம். ரா கோப்பின் உள்ளமைப்பு கேமரா நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, பலவற்றுக்கு வெளிப்படையான ஆவணமும் கிடையாது. அதற்குள் கைவைத்து ஏதாவது எழுதப்போய்க் கோப்பு கெட்டால் மீட்க வழியில்லை. அதனால்தான் மென்பொருள்கள் ராவைத் தொடாமல், பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி கோப்பை (படவிவரங்களை எழுதுவதற்கான ஒரு தரம் எக்ஸ்எம்பி) எழுதி வைக்கின்றன. நாம் பேசும் சைட்கார் இதுதான். ரா 25 மெகாபைட் இருந்தால் இது சில கிலோபைட்தான். எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம்.

திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு அடுக்கு. மதிப்பீடு, குறிச்சொல், தலைப்பு போன்றவை ஒரு அடுக்கு. எக்ஸ்எம்பி தரத்தைப் பின்பற்றும் எந்த மென்பொருளும் இவற்றைப் படிக்கும். மற்றது திருத்தங்கள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருள் எழுதிய கோப்பாக இருந்தால் ஒளியளவு +0.70, வெண்சமநிலை 5200 என்று எண்களாகவே கண்ணுக்குத் தெரியும். அதே வகை மென்பொருளான டார்க்டேபிள் தன் திருத்தப் படிகளைக் குறியாக்கி எழுதுகிறது. அது டார்க்டேபிளுக்கு மட்டுமே விளங்கும். ஆகவே ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்களுக்கு முதல் அடுக்கு வந்து சேரும், இரண்டாவது பெரும்பாலும் வராது.

இனித் தவறு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கோப்பு மேலாளரில் ரா கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்தினால் எக்ஸ்எம்பி பழைய இடத்திலேயே தங்கிவிடும். புதிய இடத்திலிருந்து மென்பொருளுக்குள் மறுபடி இறக்குமதி செய்யும்போது படம் கேமராவிலிருந்து வந்த கோலத்திலேயே நிற்கும். ராவின் பெயரை மட்டும் மாற்றினாலும் இதே கதி. இந்த இரண்டுக்கும் இடையே கட்டு என்று எதுவும் இல்லை. பெயர் ஒத்திருப்பதும் ஒரே கோப்புறையில் இருப்பதும்தான் உறவு. 'படங்கள் மட்டும்' என்று வடிகட்டிக் காப்பெடுக்கும் கருவிகள் எக்ஸ்எம்பியை விட்டுவிடும். வட்டில் இடம் போதவில்லை என்று பார்ப்பவர் கண்ணில், எதற்கென்றே தெரியாத சின்னச் சின்னக் கோப்புகள்தான் முதலில் படும்.

இந்த நிலையில் 'துணைக்கோப்பு' என்று எழுதினால் என்ன ஆகும்? துணைப்பாடத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும் என்ற எண்ணத்தை அந்த முன்னொட்டே தந்துவிடுகிறது. இங்கே அந்தக் கோப்பு போனால் மொத்தத் திருத்த வேலையும் போகும்.

பக்கக்கோப்பும் ஆகாது. இயங்குதளங்களில் நினைவகத்துக்கு உதவியாக வட்டில் வைக்கும் பேஜ் ஃபைலுக்கு அது நேர்ச்சொல். 'பக்கம்' என்றாலே கணினிச் சூழலில் பக்கவாட்டைவிடத் தாள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இணைக்கோப்பு இன்னும் ஆபத்து. மின்னஞ்சலில் வரும் இணைப்பு என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். 'இணை' என்றால் சமமான ஜோடி என்று எடுத்துக்கொள்பவர், ஒன்று இருக்கையில் மற்றது எதற்கு என்று அழித்துவிடுவார். கேமராவில் ராவையும் ஜேபெக்கையும் சேர்த்துப் பதியும்போது உண்மையிலேயே ஒரு ஜோடி உருவாகிறதே, 'இணை' என்ற சொல்லை அதற்காக விட்டுவைக்க வேண்டும்.

என் பரிந்துரை: உடன்கோப்பு. படம் போகும் இடத்துக்கு உடன் போக வேண்டிய கோப்பு. 'இந்தப் படத்தின் உடன்கோப்பைக் காணவில்லை' என்று திரையில் வந்தால், உடன் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று என்பது முதல் முறை படிப்பவருக்கும் உறைக்கும்.

* * *

மறு: மறு: 'சைட்கார்' கோப்பு – சொல் தேவை

துணைக்கோப்பு வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். 'உடன்' பற்றி இரண்டு ஐயங்கள்.

ஒன்று, அரசு அறிவிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் 'உடன்' என்பது 'உடனே' என்ற பொருளிலேயே வருகிறது. 'உடன் அணுகவும்' என்பதைப் போல 'உடன்கோப்பு' என்றால் உடனடியாக உருவாகும் கோப்பு என்று படிக்க இடமுண்டு. ஒட்டுக்கோப்பு என்றால் இந்தக் குழப்பமே வராதே?

இரண்டு, விவரங்கள் எப்போதும் தனிக்கோப்பில் போவதில்லை. ஜேபெக், டிஎன்ஜி (அடோபியின் பொது ரா வடிவம்) இரண்டிலும் கோப்புக்குள்ளேயே எழுதலாம். அமைப்புகள் சாளரத்தில் இரண்டு வழிகளும் அடுத்தடுத்து வருகின்றன. அதற்கும் ஒரு சொல் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

* * *

மறு: மறு: மறு: 'சைட்கார்' கோப்பு – சொல் தேவை

> ஒட்டுக்கோப்பு என்றால் இந்தக் குழப்பமே வராதே?

ஒட்டியிருந்தால் சிக்கலே இல்லை அம்மா. ஒட்டாமல் இருப்பதுதானே இதன் இயல்பு, ஆபத்தும் அதுதானே. ஒட்டு என்று பெயர் வைத்துவிட்டால் படத்தை இழுத்தால் அதுவும் தானே வரும் என்று பயனர் நம்பிவிடுவார்.

'உடன்' வினைக்கு முன்னே தனித்து நின்றால் 'உடனே' ஆகும். பெயர்ச்சொல்லோடு சேர்ந்து ஒரே சொல்லானால் கூட இருப்பதைத்தான் குறிக்கும்: உடன்பிறப்பு, உடன்படிக்கை, உடன்பாடு. மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் என்று இலக்கணம் சொல்வதும் இதே 'உடன்'தான். இடைவெளி விடாமல் எழுத வேண்டும் என்று சொல்லடைவில் குறித்துவிட்டால் போதும்.

படத்தைப் பற்றிய விவரங்களை, அதாவது மீத்தரவை, கோப்புக்குள் எழுதுவதற்கு 'உட்பதி' என்பது என் முன்மொழிவு. 'மீத்தரவைப் படத்தில் உட்பதி', 'மீத்தரவை உடன்கோப்பில் எழுது'. இரண்டு வினைகளும் வேறாக இருப்பதால் அடுத்தடுத்து வந்தாலும் மயக்கம் இல்லை.

உட்பதிவதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. உதவிக்குறிப்பில் அதை எழுதியாக வேண்டும். ஜேபெக்குக்குள் குறிச்சொற்கள் இரண்டு இடங்களில் உட்காரலாம்: ஐபிடிசி என்ற பழைய விவரத் தரத்துக்கான பகுதி, 2001இல் அடோபி அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி பகுதி. ஐபிடிசியில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் (யூனிகோடில் தனி எண் பெற்ற எழுத்து அல்லது குறி) 3 பைட் பிடிக்கும். எனவே 21 புள்ளிகளோடு இடம் தீர்ந்துவிடும். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் 'தி' இரண்டு புள்ளி, 6 பைட். 'திருவள்ளுவர்' என்ற ஒரு சொல்லே 12 புள்ளி, 36 பைட். 'திருவள்ளுவர் திருநாள் விழா' என்று நீட்டினால் இடைவெளிகளோடு சேர்த்து 64ஐத் தாண்டிவிடும். வரம்பைக் கண்டிப்பாகப் பார்க்கும் மென்பொருள் வாலை வெட்டிவிடும். வெட்டு ஒரு எழுத்தின் நடுவில் விழுந்தால் கடைசியில் பெட்டியோ கேள்விக்குறியோ நிற்கும். அதோடு, யுடிஎஃப்-8 என்று ஐபிடிசியில் தனியாகக் குறித்து வைக்காவிட்டால் படிக்கும் மென்பொருள் வேறு குறியாக்கம் என்று நினைத்துக் குப்பையாகக் காட்டும். எக்ஸ்எம்பியில் இந்த நீள வரம்பு கிடையாது, யூனிகோடும் இயல்பாகவே உண்டு. தமிழில் குறிச்சொல் இடுபவர்கள் எக்ஸ்எம்பியை முதன்மையாக வைத்து, ஐபிடிசிக்கு எழுதுவதை நிறுத்திவிடுவது நல்லது.

இன்னொன்று: உடன்கோப்புக்குப் பெயர் வைப்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஐஎம்ஜி_0412.சிஆர்2 என்ற ராவுக்கு லைட்ரூம் ஐஎம்ஜி_0412.எக்ஸ்எம்பி என்று எழுதும். டார்க்டேபிளும் டிஜிகேமும் முழுப்பெயரை வைத்து, ஐஎம்ஜி_0412.சிஆர்2.எக்ஸ்எம்பி என்று எழுதுகின்றன. அதே எண்ணில் ஜேபெக்கும் இருந்தால் முதல் முறையில் உடன்கோப்பு யாருடையது என்று பெயரிலிருந்து சொல்ல முடியாது. இதற்கான அமைப்புச் சரத்தை (திரையில் வரும் வரியை) 'உடன்கோப்பின் பெயரில் படத்தின் வகைநீட்டையும் சேர்' என்று எழுதியிருக்கிறேன்.

* * *

மறு: 'சைட்கார்' கோப்பு – 'நான்-டிஸ்ட்ரக்டிவ்' பற்றியும்

உடன்கோப்பு, உட்பதி இரண்டும் பிடித்திருக்கின்றன. அதே சாளரத்தில் 'நான்-டிஸ்ட்ரக்டிவ் எடிட்டிங்' என்பதற்கு 'அழிவற்ற திருத்தம்' என்று யாரோ உள்ளிட்டிருக்கிறார்கள். இதை மாற்றியே ஆக வேண்டும். அழிவற்றது என்றால் என்றும் நிலைப்பது. இனி நீக்கவே முடியாத திருத்தம் என்று பொருள்பட்டு, சொல்ல வந்ததற்கு நேர்மாறாகப் போய்விடுகிறது. அழியாமல் இருப்பது திருத்தமன்று, அசல் படம். 'அசல் மாறாத் திருத்தம்' என்றால் தெளிவு. 'மூலம் மாறா' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கணினியில் 'மூலநிரல்' ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பதால் அசலே மேல். வேற்றுமொழி வேர் என்று அசலை ஒதுக்க வேண்டியதில்லை. அசல், நகல் என்ற ஜோடியைத் தெரியாத தமிழர் இல்லை.

இந்தச் சொல் ஏன் துல்லியமாக இருக்க வேண்டும் என்றால், ஜேபெக்கைத் திறந்து திருத்தி அதே பெயரில் சேமிப்பது அசலை மாற்றும் திருத்தம். ஜேபெக் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் உணராத நுண்விவரங்களைக் கழித்துச் சேமிக்கிறது. மீண்டும் சேமித்தால் மீண்டும் கழிப்பு. வானம் போன்ற மெல்ல நிறம் மாறும் பரப்பில் கட்டங்கள் தெரியத் தொடங்கும், எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். திறந்து பார்த்து மூடினால் எதுவும் குறையாது, சேமித்தால்தான் குறையும். பலர் இதைக் குழப்பிக்கொள்வதால் உதவிப்பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்.

'சுழற்று' என்ற பொத்தானையும் கவனியுங்கள். அதன் பின்னால் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கேமரா படக்கோப்புக்குள் எழுதும் எக்சிஃப் விவரங்களில் 1 முதல் 8 வரை உள்ள திசை எண்ணை மட்டும் மாற்றுவது. 6 என்றால் காட்டும்போது வலஞ்சுழியாக 90 பாகை திருப்பு என்று பொருள். புள்ளிகள் அசைவதில்லை, ஆனால் அந்த எண்ணைக் கவனிக்காத மென்பொருளில் படம் படுத்தே கிடக்கும். மற்றது புள்ளிகளையே திருப்புவது. ஜேபெக்கை இழப்பின்றித் திருப்ப முடியும், ஆனால் அளவுகள் கட்டத்தின் மடங்காக இருக்க வேண்டும். நிறத்தகவலைப் பாதியாகக் குறைத்துச் சேமிக்கும் வழக்கமான ஜேபெக்கில் அந்தக் கட்டம் 16×16. 4000×3000 படத்தில் 4000 சரியாக வகுபடும். 3000ஐ வகுத்தால் 8 மிஞ்சும். வலஞ்சுழியாகத் திருப்பும்போது அந்த 8 புள்ளிப் பட்டையை வெட்டி 2992 ஆக்க வேண்டும், இல்லையென்றால் முழுப் படத்தையும் மறுகுறியாக்கம் செய்து இழப்பை ஏற்க வேண்டும். ஆகவே முதலாவதற்குத் 'திசைக்குறியை மாற்று', இரண்டாவதற்குப் 'படத்தைச் சுழற்று'.

* * *

மறு: 'நான்-டிஸ்ட்ரக்டிவ்' பற்றியும்

அனைவருக்கும் நன்றி. உடன்கோப்பு, உட்பதி, அசல் மாறாத் திருத்தம், திசைக்குறி நான்கையும் சொல்லடைவில் ஏற்றிவிட்டேன். மொழிபெயர்த்த சரங்களில் பொருத்திப் பார்த்தபோது இடறியது ஒன்றுதான்: 'நீக்கு'.

மென்பொருளின் பட்டியலிலிருந்து படத்தை எடுத்துவிட்டு வட்டில் அப்படியே விடுவதற்கும், கோப்பையே வட்டிலிருந்து ஒழிப்பதற்கும் இப்போது ஒரே சொல்தான் நிற்கிறது. பட்டியலைத் துப்புரவு செய்வதாக நினைத்து அசலை இழக்க இதைவிட எளிய வழி வேண்டாம். முதலாவதைப் 'பட்டியலிலிருந்து விலக்கு' என்றும், இரண்டாவதை 'வட்டிலிருந்து அழி' என்றும் பிரிக்கிறேன். அழிக்கும் உரையாடலில் 'உடன்கோப்பையும் சேர்த்து அழி' என்ற தெரிவுக்கட்டம் தனியாக வரும். ராவை அழித்த பின் உடன்கோப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் கோப்புறையில் அனாதைக் கோப்புகள் குவியும். அதே பெயரில் வேறு படம் அங்கே வந்து சேர்ந்தால், பழைய திருத்தங்கள் புதுப் படத்தின் மேல் ஏறிவிடும். கேமராக்கள் 9999க்குப் பிறகு எண்ணை மறுபடி 0001இலிருந்து தொடங்குவதால் இது நடக்கக்கூடியதே.

'விலக்கு' என்பதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். 'அழி' மாறாது.