‘லைட்ஸ் அவுட்’ வானொலித் தொடரைத் தொடங்கியது யார்?

வெள்ளவத்தைவாசி: இரவில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பழைய அமெரிக்கத் திகில் வானொலி நாடகங்கள் கேட்கிறேன். ‘லைட்ஸ் அவுட்’ என்றாலே எல்லோரும் ஆர்ச் ஓபோலர் பெயரைத்தான் சொல்கிறார்கள், ஓரிடத்தில் மட்டும் வில்லிஸ் கூப்பர் என்று இருக்கிறது. எது சரி? அந்தச் சத்தங்களை எப்படி எடுத்தார்கள் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா: கூப்பர்தான் தம்பி. 1934இல் சிகாகோவில் நள்ளிரவு நிகழ்ச்சியாகத் தொடங்கினார், அடுத்த வருடமே என்பிசி என்ற அமெரிக்க வானொலி நிறுவனம் அதை நாடு முழுக்க எடுத்துச் சென்றது. 1936இல் அவர் ஹொலிவூட் போக, ஓபோலர் பொறுப்பெடுத்தார். ஆய்வுகூடத்துக் கோழி இதயம் வளர்ந்து வளர்ந்து உலகையே விழுங்கும் கதை ஓபோலருடையது, 1937. கூப்பர் காலத்து ஒலிப்பதிவுகள் அநேகமாக எஞ்சவில்லை, அதனால்தான் மனிதரின் பெயரே மறைந்து போனது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஒலிப்பிரியை: சத்தங்கள் எல்லாம் சமையலறைச் சாமான்கள்தான். கத்தியால் கோவாவை (முட்டைக்கோஸ்) வெட்டினால் தலை துண்டாகும் சத்தம், பன்றி விலா எலும்பை முறித்தால் மனித எலும்பு, மரண தண்டனை மின்சார நாற்காலிக்கு பேக்கன் (பன்றி இறைச்சிச் சீவல்) பொரியும் சத்தம். கோவாவை மைக்குக்குக் கிட்டப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டிப் பாருங்கள், அந்த ஈரமான ‘சரக்’கில் உடம்பு கூசும்.

வெள்ளவத்தைவாசி: நன்றி அண்ணா, நன்றி அக்கா. அப்புறம், எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கொட்டாஞ்சேனை அண்ணா: 1942-43இல் ஓபோலர் திரும்ப நடத்திய வரிசையில் நிறைய எஞ்சியிருக்கின்றன, அங்கே தொடங்குங்கள். பிறகு திகில் பட நடிகர் போரிஸ் கார்லொஃப் நடித்த 1938 நாடகங்கள்.